ஒரு புள்ளி திருந்தினால்



தமிழும் வரலாறும் படித்துப் பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபருக்குக் கணினியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று உங்களுட் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. நான் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் எங்கள் பீடத்து மாணவர் கணினியைக் கண்ணாற் காண்பதே அரிது. ஆயினும் ஒரு சிறு தவறு என்னை அதன் வாயில்வரை இழுத்துச் சென்றுவிட்டது. அத்தவறிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன்.

2018 ஆம் ஆண்டின் இறுதித் தவணைப் பரீட்சை முடிந்த வேளை. நான் அப்போது பணிபுரிந்த பாடசாலையில், ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தியின் விஞ்ஞானப் புள்ளி 74 என்பதற்குப் பதிலாக 47 எனப் பதியப்பட்டுவிட்டது. எண்கள் இடம் மாறுதல் ஆசிரியத் தொழிலில் எவருக்கும் நேர்வதுதான். வகுப்பாசிரியர் இரண்டு நாளில் அதனைக் கண்டுபிடித்தார். அலுவலகக் கணினியில் இருந்த விரிதாளைத் திறந்து, 47 ஐ அழித்து 74 என எழுதினார். எழுதிய கணத்திலே மொத்தப் புள்ளி 27 ஆற் கூடியது. பாடங்கள் ஒன்பது ஆதலால் சராசரி 3 ஆற் கூடியது. நாலாம் இடத்தில் நின்ற பெயர் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. எவரும் ஒரு கூட்டலும் செய்யவில்லை. இயந்திரத்தின் திறமையை வியந்துகொண்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கச் சென்றோம்.

முதல் மூவருக்குப் பரிசளிப்பு விழாவிற் பரிசு வழங்குவது அப்பாடசாலையின் வழக்கம். விழாவில் அந்தப் பிள்ளையின் பெயர் வாசிக்கப்படவில்லை. பரிசு பெறுவோர் பட்டியல், திருத்தம் செய்வதற்கு முதல் நாளே விரிதாளிலிருந்து பிரதிசெய்யப்பட்டு வேறொரு தாளில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே கையொப்பமிட்டவன் நான். மறுவாரம் தாயார் அலுவலகத்துக்கு வந்து, தேர்ச்சி அறிக்கையை என் மேசையில் விரித்து வைத்து, “சேர், இதில் இரண்டாம் இடம் என்று இருக்கிறது” என்று மாத்திரம் சொன்னார். வேறொரு சொல்லும் சொல்லவில்லை. பரிசைப் பின்னர் காலைக் கூட்டத்திற் கொடுத்தோம். ஆயினும் விழா மேடை வேறு, காலைக் கூட்டம் வேறு என்பதை அந்தப் பிள்ளையும் அறிவாள், நானும் அறிவேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டகலவில்லை. 47 திருந்தியதும் தானும் திருந்த வேண்டும் என்று மொத்தப் புள்ளி எங்ஙனம் அறிந்தது? அதே செய்தி பரிசுப் பட்டியலுக்கு ஏன் எட்டவில்லை? இப்போது நான் பணிபுரியும் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியையிடம் இதனை ஒருநாள் கேட்டேன். அவர், “சொன்னால் விளங்காது சேர், எழுதிப் பார்த்தால் விளங்கும்” என்றார். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பாடசாலை விட்டபின் வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் மூவரும் ஒரு சிறு செய்நிரலை எழுதத் தொடங்கினோம். உயர்தர மாணவர் கற்கும் பைதன் மொழியிலேயே எழுதினோம். ஒரு பெறுமானம் மாறினால் அதனைச் சார்ந்தவை யாவும் தாமே மாறும் ஓர் ஏற்பாடு அது. இத்தகைய முறையை ஆங்கிலத்தில் ‘றியக்டிவ்’ செய்நிரலாக்கம் என்பர். விஞ்ஞான பாடத்தில் தூண்டல், துலங்கல் என்று படிக்கின்றோம் அல்லவா? அச்சொல்லை எடுத்துத் துலங்கற் செய்நிரலாக்கம் என்று நான் சொல்லிக்கொள்கின்றேன்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஹாவாட் வணிகக் கல்லூரியிற் பயின்ற டான் பிரிக்ளின் என்னும் மாணவர், பேராசிரியர் கரும்பலகையில் ஒரு நிதிக் கணக்கை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் பிழைத்துவிட்டால் அதனைச் சார்ந்த எண்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்து அழித்து எழுதவேண்டியிருந்தது. கரும்பலகை தானே இவற்றைத் திருத்திக்கொள்ளலாகாதா என்ற எண்ணம் அவருக்கு அங்கே உண்டாயிற்று என்பர். அவரும் பொப் பிராங்ஸ்ரனும் சேர்ந்து ஆக்கிய ‘விசிகல்க்’ என்னும் விரிதாள் 1979 இல் அப்பிள் இரண்டு என்னும் சிறு கணினிக்கு வெளிவந்தது. கரும்பலகையின் முன் முப்பது ஆண்டு நின்றவனாதலால், இவ்வரலாற்றை முதன்முதலிற் கேட்டபோது எனக்கு அந்தப் பேராசிரியர் மீதும் ஓர் அனுதாபம் உண்டாயிற்று.

இனி நாங்கள் எழுதிய செய்நிரலுக்கு வருவோம். வானொலியில் அதன் வரிகளை வாசித்துக் காட்டுவதாற் பயன் இல்லை. ஆதலால் அதன் உறுப்புகளைச் சொல்லாற் காட்ட முயல்கின்றேன்.

முதற் சிக்கல் சமன் குறியிலேயே இருந்தது. மொத்தம் சமன் கணிதம் கூட்டல் விஞ்ஞானம் என்று ஒரு வரி எழுதினோம். கணிதம் 40, விஞ்ஞானம் 60, மொத்தம் 100 என விடை வந்தது. அடுத்த வரியிற் கணிதத்தை 90 ஆக்கினோம். மொத்தம் 100 ஆகவே நின்றது. எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஆசிரியை சிரித்துக்கொண்டு, அந்த வரி அந்தக் கணத்துக்கு மாத்திரம் உரிய கட்டளை என்றார். இலக்கணம் படித்தவனுக்கு அதன்பின் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கணித பாடத்துச் சமன் குறி ஒரு கூற்று. அஃது என்றைக்கும் நிற்பது. சாதாரணச் செய்நிரலிற் காணும் சமன் குறியோ ஏவல் வினை. ‘இப்போது கூட்டி இதில் வை’ என்கிறது. ஏவியவன் வாயை மூடியவுடன் ஏவலும் முடிந்துவிடும். விரிதாளின் கலத்தில் எழுதும் சூத்திரம் ஏவல் அன்று. ‘மொத்தம் என்பது இவ்விரண்டின் கூட்டுத்தொகை’ என்னும் கூற்று அது. ஏவலை மட்டும் அறிந்த மொழி ஒன்றிற் கூற்றை நிலைநிறுத்துவது எங்ஙனம் என்பதே எங்கள் பயிற்சி.

ஆதலால் இரண்டு வகைக் கலங்களை ஆக்கினோம். ஆசிரியர் நேரே எழுதும் புள்ளியைத் தாங்குவது ஒன்று; அதனை மூலக் கலம் என்போம். தனக்கென ஒரு விதியை வைத்துக்கொண்டு ஏனைய கலங்களிலிருந்து தன் பெறுமானத்தைக் கணிப்பது மற்றொன்று. அதனைக் கணிப்புக் கலம் என்போம். மூலக் கலம் மாறும்போது எந்தக் கணிப்புக் கலங்கள் மாறவேண்டும் என்பதை யார் சொல்வது? ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு பட்டியலை நாமே எழுதிக் கொடுக்கலாம். மாணவன் முதலில் அவ்வாறே செய்தான். ஒரு விதியைத் திருத்தியபோது பட்டியலைத் திருத்த மறந்தான். அந்தக் கலம் அப்போதே பழைய பெறுமானத்தோடு நின்றுவிட்டது. எங்கள் பரிசுப் பட்டியலின் கதையே மறுபடியும் நடந்தது. மனித ஞாபகத்தில் தங்கியிருக்கும் பட்டியல் ஒருநாள் பிழைக்கும்.

இதற்கு ஆசிரியை காட்டிய உபாயந்தான் இப்பயிற்சி முழுவதிலும் என்னைக் கவர்ந்தது. பாடசாலை நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஓர் அட்டை உண்டு. புத்தகத்தை எடுப்பவர் பெயர் அதிற் பதியப்படும். யார் எதனை வாசிப்பார் என்று நூலகர் முன்கூட்டி அறியவேண்டியதில்லை. வாசிக்கும் செயலே பதிவை உண்டாக்குகின்றது. எங்கள் செய்நிரலிலும் அவ்வாறே செய்தோம். ஒரு கணிப்புக் கலம் தன் விதியைச் செய்யத் தொடங்குமுன் பொதுவான ஓரிடத்தில், ‘இப்போது வாசிப்பவன் நான்’ என்று தன் பெயரை வைக்கும். அதற்குள் எந்தக் கலத்தின் பெறுமானம் கேட்கப்பட்டாலும், அந்தக் கலம் பொதுவிடத்தைப் பார்த்து அங்குள்ள பெயரைத் தன் அட்டையில் எழுதிக்கொள்ளும். கணிப்பு முடிந்ததும் பெயர் அகற்றப்படும். அவ்வளவே. மொத்தம் கணிக்கப்படும்போது கணிதமும் விஞ்ஞானமும் அதன் பெயரை எழுதிக்கொள்கின்றன. நாம் ஒரு பட்டியலும் எழுதவில்லை.

ஒரு நுட்பம் மாத்திரம் உண்டு. சராசரியைக் கணிக்கும்போது அது மொத்தத்தைக் கேட்கும். மொத்தம் இன்னும் கணிக்கப்படாவிட்டால் அது தன் கணிப்பைத் தொடங்கும். அப்போது பொதுவிடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஆதலால் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோலப் பெயர்களை அடுக்கவேண்டும். மேலே இருப்பவனே இப்போதைய வாசகன். அவன் முடித்தபின் அவனுடைய தட்டை எடுத்துவிட்டால் கீழே இருந்தவன் மீண்டும் வாசகன் ஆவான்.

இங்கே வானொலி நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேசுவதை இக்கணம் யார் கேட்கின்றார் என்று இந்த ஒலிவாங்கிக்குத் தெரியாது. ஒலிபரப்பின் அழகே அதுதான். துலங்கற் செய்நிரலோ அதற்கு நேர்மாறானது. தன்னைக் கேட்பவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறியாத கலத்தால் ஒருவருக்கும் செய்தி சொல்ல இயலாது.

இவ்வளவும் ஒரு வாரத்தில் முடிந்தது. மாணவன் மிகுந்த மகிழ்ச்சியடைந்தான். ஒரு மூலக் கலம் மாறியதும் அதன் அட்டையில் உள்ளவர்களை வரிசையாக அழைத்து, ‘மீண்டும் கணி’ என்று சொல்லும். அவர்கள் தத்தம் அட்டையில் உள்ளவர்களை அழைப்பார்கள். குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழிவதுபோல் மாற்றம் கீழே கீழே செல்லும். நானும் காரியம் முடிந்தது என்றே எண்ணினேன். ஆசிரியை எங்களை ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்.

கணிதம் 40, விஞ்ஞானம் 60, மொத்தம் 100 என்பதை மீண்டும் எடுத்துக்கொள்வோம். இன்னொரு கலம், மொத்தத்திற் கணிதம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணிக்கின்றது. விடை 40. அந்தப் பங்கு 75 ஐத் தாண்டினால், பிள்ளை ஒரு பாடத்தில் மட்டும் கவனம் செலுத்துகின்றது எனப் பெற்றோருக்கு ஒரு கடிதம் அச்சிடும்படி மற்றொரு கட்டளையும் வைத்தார். பின்னர் கணிதப் புள்ளியை 90 எனத் திருத்தினோம். மொத்தம் 150 ஆகவேண்டும். பங்கு 60 ஆகவேண்டும். கடிதத்துக்கு இடமே இல்லை. ஆனால் கடிதம் அச்சாகி வந்தது!

ஏன் என்று தேடினோம். பங்கு என்னும் கலம் தன் விதியில் முதலிற் கணிதத்தை வாசித்தது. பின்னரே மொத்தத்தை வாசித்தது. ஆதலாற் கணிதத்தின் அட்டையில் அதன் பெயர் முன்னும், மொத்தத்தின் பெயர் பின்னுமாக நின்றன. கணிதம் மாறியதும் பங்குக்கு முதலிற் செய்தி போயிற்று. அது புதிய 90 ஐயும், இன்னும் திருந்தாத பழைய 100 ஐயும் வைத்துக் கணக்கிட்டு, நூற்றுக்கு 90 என்றது. கடிதம் புறப்பட்டது. அடுத்த கணத்தில் மொத்தம் 150 ஆயிற்று. பங்கு மீண்டும் கணிக்கப்பட்டு 60 ஆயிற்று. இறுதி விடை சரிதான். இடையில் ஒரு பொய் பிறந்து, கடிதமாகி, அறையை விட்டு வெளியே போய்விட்டது. இத்துறையினர் இதனைக் ‘கிளிச்’ என்று சிறு சொல்லாற் குறிக்கின்றனர். எனக்கு அஃது அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை. முழுவதும் பழையதாய் உள்ள அறிக்கையை, பழையது என்றாவது சொல்லலாம். பாதி புதியதும் பாதி பழையதுமாய் உள்ள அறிக்கைக்கு எந்த நாளும் உரியதன்று. அந்தப் பிள்ளை ஒருபோதும் பெறாத விகிதம் அது.

இதிற் காலவிரயமும் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகச் சேரும் அமைப்பு ஒன்று இருந்தால், சேருமிடத்துக் கலம் இரண்டு முறை கணிக்கப்படும். அதன்கீழ் அத்தகைய அமைப்பு இன்னொன்று இருந்தால் நான்கு முறை. பத்து அமைப்புகளை அடுக்கிப் பார்த்தான் மாணவன். கடைசிக் கலம் 1024 முறை கணிக்கப்பட்டது. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேசையிலும் அதே கதைதான்.

பரிகாரம் இரண்டு வழியில் உண்டு. கலங்களை முன்னுக்குப் பின் முரணில்லாமல் வரிசைப்படுத்தி, எந்தக் கலமும் தான் சார்ந்தவை முடிந்தபின்னரே கணிக்கப்படும்படி செய்வது ஒன்று. 1962 இல் ஆதர் கான் என்பவர் பெரிய வலையமைப்புகளுக்கென ஒரு வரிசைமுறையை வெளியிட்டார்; இன்றும் அது கற்பிக்கப்படுகின்றது. விரிதாளிலும் இதே சிக்கல் இருந்தது. விசிகல்க் தொடக்கத்தில் நிரை நிரையாகவோ நிரல் நிரலாகவோதான் கணித்துச் சென்றது. கீழேயுள்ள கலத்தை மேலேயுள்ள கலம் சார்ந்திருந்தால், மீண்டும் கணிக்கும்படி பயன்படுத்துவோரே கட்டளையிட நேரிட்டது. வியப்பு என்னவெனில், 1969 இலேயே ரெனே பார்டோ, ரெமி லண்டோ என்னும் இருவர் லான்பார் என்ற செய்நிரலில் இயற்கையான சார்பு வரிசையிற் கணிக்கும் முறையைக் கண்டிருந்தனர். 1970 இல் அவர்கள் கேட்ட காப்புரிமை நீதிமன்றம்வரை சென்று 1983 இலேயே கிடைத்தது. அதற்குள் உலகம் விசிகல்க்கை அறிந்து, அதனை விட்டு லோட்டசுக்கும் செல்லத் தொடங்கிவிட்டது.

நாங்கள் மற்றை வழியைத் தேர்ந்தோம். அது பாடசாலை நடைமுறைக்கு நெருங்கியது என்பதே காரணம். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். புள்ளி மாறியதும் முதலில் ஒருவரும் கணிக்கக்கூடாது. ‘உங்கள் பெறுமானம் பழையதாயிற்று’ என்னும் அறிவித்தல் மாத்திரம் கீழே செல்லும். ஏற்கெனவே அறிவித்தல் கிடைத்த கலம் அதனை மறுபடி அனுப்பாது. ஆதலால் 1024 என்னும் பெருக்கமும் இல்லை. கடிதம் அச்சிடுவது போன்ற வெளிவேலைகள் ஒரு வரிசையிற் காத்திருக்கும். அறிவித்தல் எங்கும் சென்று முடிந்தபின்னரே இரண்டாங் கட்டம். அப்போது யாரேனும் பங்கைக் கேட்டால், அது தான் சார்ந்த மொத்தத்தை முதலிற் கேட்கும். மொத்தம் தான் பழையது என்று அறிந்திருப்பதால் புதிதாகக் கணித்து 150 எனச் சொல்லும். பங்கு 60 ஆகும். பொய் பிறக்க இடமில்லை. யாரும் கேளாத கலம் கணிக்கப்படாமலே இருக்கும். அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஒரே தடவையில் ஐந்து பாடத்துப் புள்ளியைத் திருத்தினாலும், ஐந்தும் முடியும்வரை கடிதங்களைப் பிடித்துவைக்க இதே வரிசை உதவியது.

இன்னுமொரு திருத்தம் மாணவனுடைய சொந்த யோசனை என்றே எண்ணியிருந்தோம். பிறர் முன்னரே செய்திருந்தனர் என்று பின்னர் அறிந்தோம். ஒருவனுடைய கணிதப் புள்ளி 60 இலிருந்து 65 ஆகின்றது. 35 பெற்றாற் சித்தி என்பது விதி. முன்னரும் சித்தி, இப்போதும் சித்தி. அவ்வாறாயின் சித்தி நிலையை நம்பியிருக்கும் கடிதம் ஏன் மீண்டும் அச்சாகவேண்டும்? ஆதலால் அறிவித்தலையும் இரண்டு வகையாக்கினோம். மாறிய புள்ளியை நேரே வாசிப்பவருக்கு ‘நீ பழையவன்’ என்றும், அவர்களுக்கு அப்பால் உள்ளவர்களுக்கு ‘உனக்கு ஐயம் உண்டு’ என்றும் அறிவிப்போம். ஐயத்தில் நிற்கும் கலம் கேட்கப்பட்டால், தான் சார்ந்தவற்றை ஒவ்வொன்றாக விசாரிக்கும். உண்மையில் ஒன்றேனும் மாறியிருந்தாற் கணிக்கும். ஒன்றும் மாறவில்லையாயின் ஐயத்தை நீக்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஐயம் வேறு, தெளிவு வேறு என்று எங்கள் தருக்க நூலார் பிரித்துப் பேசியதை ஒரு பதினெட்டு வயது மாணவன் பைதனில் எழுதியதைக் கண்டு நான் மனத்துள் மகிழ்ந்தேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும்.

வேறு சில சில்லறைச் சிக்கல்களும் வந்தன. ஒரு பிள்ளை பரீட்சைக்கு வராவிட்டால் முதலாந் தவணைப் புள்ளியை எடுத்துக்கொள்ளும்படி ஒரு விதி வைத்தோம். வந்தவனாயின் அந்த விதி முதலாந் தவணையை வாசிப்பதே இல்லை. ஆகவே ஒரு கலம் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்பது நாளுக்கு நாள் வேறுபடும். ஒவ்வொரு கணிப்புக்கு முன்னும் பழைய அட்டைகளிலிருந்து பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியவேண்டும். விடுகைப் பத்திரம் பெற்றுச் சென்ற மாணவனின் கலங்களையும் எல்லா அட்டைகளிலிருந்தும் நீக்கவேண்டும். நீக்காவிட்டால் அவை நினைவகத்தில் ஆவிபோல் அலையும். இனி, மொத்தம் சராசரியையும் சராசரி மொத்தத்தையும் சார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு முடிவின்றிச் சுழலும். கணித்துக்கொண்டிருக்கும் கலம் தன் கணிப்பு முடியுமுன் மறுபடி கேட்கப்பட்டால், பிழை என்று கூறி நிறுத்திவிடும்படி செய்தோம். எக்செல் விரிதாளில் வட்டச் சுட்டல் என ஓர் எச்சரிக்கை வருவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அதன் பொருள் இதுவே.

இத்தனையும் சேர்ந்து நூறு வரிக்குள் அடங்கின. இஃது ஏதோ பாடசாலை விளையாட்டு என்று எவரும் எண்ணவேண்டாம். கோனல் எலியட், போல் ஹூடாக் என்னும் இருவர் 1997 இல், காலத்தோடு மாறும் பெறுமானங்களைச் சூத்திரங்களாக எழுதி அசையும் படங்களை ஆக்கும் முறையை ஒரு கட்டுரையில் வெளியிட்டனர். 2010 இல் வெளிவந்த நொக்கவுட் என்னும் கருவி, நூலக அட்டை போன்ற இதே தானியங்கிப் பதிவை இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவந்தது. இன்று நீங்கள் கைப்பேசியில் ஒரு பொருளின் எண்ணிக்கையை மாற்றியதும் விலையின் மொத்தம் மாறுகின்றதே, அங்கும் பெரும்பாலும் இவ்வகை ஏற்பாடு ஒன்றுதான் வேலை செய்கின்றது.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகின்றேன். மொத்தப் புள்ளி திருந்தியதற்குக் காரணம், விஞ்ஞானப் புள்ளியின் அட்டையில் அதன் பெயர் இருந்தமை. பரிசுப் பட்டியல் திருந்தாமைக்குக் காரணம், பிரதி செய்தவர் பெறுமானங்களை வெறும் எழுத்தாக எடுத்துச் சென்றமை. எடுத்த கணத்தில் அது மூலத்தோடு உறவு அறுந்த தாள் ஆயிற்று. அட்டையிற் பதியாமற் புத்தகத்தை எடுத்துச் சென்றதுபோல. அந்த விரிதாளில் ஒரு குறையும் இருக்கவில்லை. அச்சிட்டவை, அனுப்பியவை, தொலைபேசியிற் சொன்னவை ஆகியவற்றை எந்த விரிதாளும் தன் வாசகராகக் கொள்வதில்லை.

ஆதலால் எங்கள் செய்நிரலுக்கு ஒரு கடைசி உறுப்பைச் சேர்க்கும்படி நான் கேட்டேன். பட்டியல் ஒன்று அச்சிடப்படும்போது, ‘இன்ன நாளில், இன்னாருக்கு’ என்னும் குறிப்போடு அதற்கும் ஒரு கலம் உண்டாகும். அச்சிட்டபோது இருந்த வரிசையை அது வைத்துக்கொண்டு, உண்மையான வரிசையையும் வாசித்துக்கொண்டிருக்கும். இரண்டும் வேறுபட்டால் அலுவலகத் திரையில் ஒரு வரி தோன்றும். தாளைத் திருப்பி அழைக்க அதனால் இயலாது. இன்னாரிடம் உள்ள தாள் பழையதாயிற்று என்று சொல்ல மாத்திரம் இயலும்.

சோதனைக்காக 47 என்று எழுதினோம். பரிசுப் பட்டியலை அச்சிட்டோம். பின்னர் 74 எனத் திருத்தினோம். திரையில் அந்த வரி வந்தது. ஆசிரியை, “கடிதத்தையும் அதுவே எழுதி அனுப்பட்டுமா, சேர்?” என்று கேட்டார். வேண்டாம், அந்த வரியைக் கண்டபின் விழாக் குழுவுக்கும் பெற்றோருக்கும் நானே பேசுகின்றேன் என்றேன்.

ஒரு குறை மாத்திரம் இன்னும் இருக்கின்றது. அட்டைகள் யாவும் கணினியின் நினைவகத்திலே இருப்பதால், மாலையிற் கணினியை நிறுத்தியதும் எந்தப் பட்டியல் யாரிடம் போயிற்று என்பது அதற்கு மறந்துவிடும். அதனை வட்டிற் சேமித்து, மறுநாட் காலையில் மீண்டும் பதிந்துகொள்ளும் பகுதியை மாணவன் இப்போது எழுதிக்கொண்டிருக்கின்றான். அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றான்.